சேறு பட்ட நூலும் ஒரே ஒரு முழுக்கும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் சபையின் போதகர் அருள்திரு தாவீது சாமிநாதன் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மெக்கானிக் குலாம் ரசூல் பாய் அவர்களே, முன்வரிசையில் தம் மகள் வசந்தியோடு அமர்ந்திருக்கும் ஜெயம்மாள் அம்மா அவர்களே, தறியை நிறுத்திவிட்டு அம்மையார்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, திருத்தணி நகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வணக்கம்.

ஒன்பது வருஷங்களுக்கு முன், கனகம்மாசத்திரம் ரோட்டோரத்தில் ஒரு பம்ப்செட் பக்கத்தில், ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஆறும் ஏரியும் வறண்ட வருஷம் அது. பம்ப்செட் தொட்டியில்தான் அன்று எங்கள் சபையின் ஞானஸ்நானம். நாங்கள் எல்லாரும் வெள்ளை உடுத்தி, பாட்டுப் பாடிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். என்ஜின் ஓடவில்லை! ஆள் அனுப்பி ரசூல் பாயை வரவழைத்தோம். அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பெல்லாம் எண்ணெயாக வேலை பார்த்துக்கொண்டே கேட்டார்:

"வாத்தியாரே, நாங்க தொழுகைக்கு முன்னாடி அஞ்சு வேளையும் கை, கால், மூஞ்சி கழுவறோம். மலைக்கு வர்றவங்க கிருத்திகைக்குக் கிருத்திகை கொளத்துல முழுகறாங்க. நீங்க மட்டும் ஆயுசுக்கு ஒரே ஒரு முழுக்கு போட்டுகினு போதும்னு வூட்டுக்குப் போறீங்களே, அதெப்படி போதும்?"

முப்பத்தோரு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் பதில் சொன்னது நானல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் யார் தெரியுமா? இதோ, மாலை போட்ட இந்தப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, சபையில் வேதம் சொல்லிக்கொடுத்த எங்கள் உபதேசியார் கோதண்டபாணி! ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்! அந்தப் பதில் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

கோதண்டபாணி அம்மையார்குப்பத்தில் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுத்தவர். முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். 1969இல் ஞானஸ்நானம் எடுத்தார். "புதுப் பேர் வேணாமாப்பா?" என்று போதகர் கேட்டபோது, "பேரு எங்கம்மா வச்சதுங்க. முழுக்கு பேருக்கில்லீங்களே, எனக்குத்தானே?" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து மதுவிலக்கு தளர்ந்து சாராயக் கடைகள் திறந்தன. கோதண்டபாணி உள்ளே போனார். இதை நான் மறைக்க மாட்டேன். மறைத்தால் அவரே இந்தப் படத்திலிருந்து என்னை அதட்டுவார். எட்டு மாதம் குடித்தார். சாயத் தொட்டியை எட்டி உதைத்துக் கவிழ்த்தார். மனைவி ஜெயம்மாள் அம்மாவை அழ வைத்தார். சபைக் கோவில் பக்கம் தலைகாட்டவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் வந்தார். குடித்திருக்கவில்லை. "ஐயரே, போன தபா போட்டது புடிக்கலை. இன்னொரு தபா முழுக்கு போட்டுவுடுங்க" என்று போதகரிடம் கேட்டார்.

'புடிக்கலை' என்றால் விருப்பமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சாயக்காரர் பேச்சில், சாயம் நூலில் ஏறி நிற்கவில்லை என்று அர்த்தம். ஏறாத நூலை மறுபடியும் தொட்டியில் முக்குவார்கள். தன்னையும் அப்படியே முக்கச் சொல்லி வந்து நின்றார்.

சபைச் செயலாளராக இருந்த நான் என்ன செய்தேன்? "போட்டுவிடுங்கள் ஐயா, தண்ணீர்தானே, என்ன நஷ்டம்?" என்று போதகரிடம் வாதாடினேன். போதகர் என் பக்கம் திரும்பவில்லை. அவரைத்தான் கேட்டார்: "கோதண்டபாணி, கிறிஸ்து உனக்காக எத்தனை தரம் செத்தார்?"

"ஒரு தபா."

"அது போதுமா, போதாதா?"

"அவரு செத்தது போதுங்க ஐயரே. நான்தானே கெட்டுப்போய்ட்டேன்!"

"அப்படியானால் மறுபடியும் உன்னை முக்க மாட்டேன். முக்கினால், அவர் செய்தது போதவில்லை என்று நானே உனக்குப் பொய் சொன்னவனாவேன்."

கோதண்டபாணிக்குக் கோபம் வந்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டார். ஒரு மனிதனை இழந்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் நடந்ததை ஜெயம்மாள் அம்மாவே எனக்குச் சொன்னார். கோதண்டபாணி சாயம் போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயம் போட்டுக் காய்ந்த சிவப்பு நூல் கட்டு ஒன்று கொடியிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. "எடுத்துத் தொட்டியில போடு! மறுபடி முக்கு!" என்று கத்தினார்.

ஜெயம்மாள் அம்மா சொன்னார்: "இன்னாய்யா, மூளை கலங்கிப்போச்சா உனுக்கு? சாயம் போன நூலா இது? சேறு பட்ட நூலு. நல்ல தண்ணியில அலசுனா போவுது."

அலசினார். பிழிந்தார். கொடியில் போட்டார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது! கோதண்டபாணி தண்ணீர் சொட்டும் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு சைக்கிளை எடுத்தார். போதகர் வீட்டு வாசலில் வந்து நின்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "ஐயரே, சாயம் புடிச்சிருக்கு. சேறுதான் பட்டிருக்கு. அலசிவுடுங்க!" மறு முழுக்கு அல்ல, மன்னிப்பு ஜெபம்தான் கேட்டார்.

அன்று வரை ஜெயம்மாள் அம்மா ஞானஸ்நானம் எடுத்திருக்கவே இல்லை! முழுக்கு எடுக்காத அம்மா, முழுக்கு எடுத்தவருக்கு அதன் பொருளைச் சொல்லிவிட்டார்!

சுவிசேஷம் என்பது நல்ல செய்தி. கிறிஸ்து நமக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், உயிரோடு எழுந்தார் என்ற செய்தி. அது நாம் செய்வதைப் பற்றியதே அல்ல, அவர் செய்து முடித்ததைப் பற்றியது. ஞானஸ்நானம் அந்தச் செய்தியை உடம்பாலே சொல்வது. தண்ணீருக்குள் போகிறோம், அவரோடு அடக்கம். தண்ணீரைவிட்டு எழுகிறோம், அவரோடு உயிர்ப்பு. வகுப்பில் ஹாஜர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று பிள்ளை சொல்கிறதே, அந்தச் சொல்லா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது? இல்லை. ஆனால் சேர்ந்த பிள்ளை அதைச் சொல்லாமல் இருக்குமா? இன்னொன்றும் கவனியுங்கள். யாரும் தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்வதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொருவர் கையில் சாய்ந்துவிடுகிறோம். தூக்குவது அந்தக் கை!

இப்போது பம்ப்செட்டுக்கு வருகிறேன். அன்று முழுக்கு எடுக்க வெள்ளைச் சேலையில் நின்றவர் இதே ஜெயம்மாள் அம்மா. யாரும் சொல்லி அல்ல, நான்கு வருஷம் தன் புருஷனைப் பார்த்துத் தானே முடிவு செய்து வந்தார். ரசூல் பாயின் கேள்விக்கு, அதற்குள் குடியை விட்டு உபதேசியாராகியிருந்த கோதண்டபாணி சொன்னார்: "பாய், நாங்களும் தினம் அலசிக்கினுதான் இருக்கோம். ஆனா இது அலசறது இல்ல. இது சாயம். நூலு தானா சாயம் காய்ச்சிக்குமா? காய்ச்சினவரு ஒருத்தரு. நாங்க உள்ள போறோம், அவ்ளோதான்."

பாய் சும்மா இருந்தாரா? ஸ்பானரை ஆட்டிக்கொண்டே, "ஆங்! என்ஜின் நின்னா புது என்ஜினா வாங்கறீங்க? என்னைத்தானே இட்டுகினு வர்றீங்க! அத்த மாதிரின்னு சொல்லு!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் என்ஜின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் பாய்ந்தது! நம்பிக்கையில் நாங்கள் வேறு வேறு. ஆனால் அன்று அந்தத் தொட்டியை நிரப்பிக் கொடுத்தது ரசூல் பாயின் கை. அதை இந்தச் சபை மறக்காது.

அதன்பின் எங்கள் உபதேசியார் எங்கே போனார்? விழுந்தவர்களைத் தேடிப் போனார். ஞானஸ்நானம் எடுத்துவிட்டு, தவறிப்போய், வெட்கத்தில் ஒளிந்தவர்களைத் தேடிச் சனிக்கிழமைதோறும் பள்ளிப்பட்டு வரை சைக்கிள் மிதித்தார். சாராயக் கடை வாசலில் நிற்கிறாரே என்று சபையில் சிலர் முணுமுணுத்தார்கள். "நூலு எங்க வுழுந்துச்சோ அங்கதானே குனிஞ்சு எடுக்கணும்?" என்று கேட்டார். அவர் எடுத்து வந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியும்!

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு வாத்தியாரே? சாயம் போட்டாச்சு. ஆண்டவரு இத்தினி வருஷமா அலசிகினே இருந்தாரு. இனிமே வெய்யில்ல காயப் போடறதுதான் பாக்கி" என்றார்.

இது தோற்றவர் பேச்சா? இது ஜெயித்தவர் பேச்சு! மரணமே அந்தக் கட்டிலைச் சுற்றி வந்து, பிடித்த சாயத்தை எடுக்க முடியாமல் திரும்பிப் போயிருக்கும்!

அவர் நடத்திவந்த ஞானஸ்நான வகுப்பை இனி வசந்தி எடுத்துக்கொள்கிறாள். சனிக்கிழமை பள்ளிப்பட்டுக்கு நான் போகிறேன். சைக்கிள் மிதிக்க இந்த முழங்கால் விடாது, பஸ்ஸில் போகிறேன். அவர் தேடிக்கொண்டிருந்தவர்களின் பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. ஒருவரையும் விட மாட்டோம்!

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலையில் உங்கள் வீட்டில் சேறு பட்டுக் கிடக்கும் ஒரு சாயத் துணியை எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் பிடித்து அதன் நிறத்தைப் பாருங்கள்.