நிலவறையின் கதகதப்பு

வெள்ளிக்கிழமைகளில் வேலைத்தளத்தில் வாஃபிள் அப்பம் சுடுவது என் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல, நானே எடுத்துக்கொண்டது. மாவில் கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி சேர்ப்பேன். மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவி வைப்பேன். குளிரில் விறைத்துப்போய் வருகிறவர்கள் அதை வாயில் வைத்ததும் முகம் இளகும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். என்னைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஹால்வார். மியோசா ஏரிக்கரையில் நாங்கள் கட்டிய மழலையர் பள்ளிக்கு நான் சுற்றுச்சூழல் பொறுப்பாளன். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் கட்டடம் கட்டுவதென்றால் கட்டடத்துக்குப் போர்வை போர்த்தி, உள்ளே சூடு ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் இறுகாது, பூச்சு காயாது. பல காலமாக அதற்கு டீசலைத்தான் எரித்துவந்தோம். நான் அதை நிறுத்தினேன். நகரத்தின் வெந்நீர்க் குழாயிலிருந்து கிளை இழுத்து, விசிறி வைத்து, அந்தச் சூட்டைத் தளம் முழுக்கப் பரப்பினேன். புகை இல்லை, நாற்றம் இல்லை. பூச்சு வேலைக்காரர்கள் இருமுவதுகூடக் குறைந்தது.

ஸ்டெய்னார் எங்கள் மேஸ்திரி. ஏறத்தாழ என் வயது. எங்கள் இரண்டு குடும்பமும் கோடையில் ஒன்றாக மீன்பிடிக்கப் போகும். நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர். ஆனால் வெந்நீர்ச் சூட்டின்மேல் அவருக்கு நம்பிக்கை வரவே இல்லை.

"இது சூடா? என் மாமியார் பெருமூச்சு விட்டா இதைவிடச் சூடா இருக்கும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பிப்ரவரியில் பெரும் குளிர் வந்தது. நிலவறைக்குப் போகும் குழாய் உறைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய ஆளுக்குச் சொல்லியிருந்தேன். ஸ்டெய்னாருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. தன் வீட்டுக் கொட்டகையிலிருந்து பழைய டீசல் சூடேற்றியைக் கொண்டுவந்து நிலவறையின் ஓர் அறையில் வைத்துவிட்டார். பார்க்கப் பீரங்கிபோல இருக்கும். நாங்கள் அதைப் பீரங்கி என்றுதான் சொல்வோம். புகை போக வேண்டுமென்று ஜன்னல் திறப்பை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலையைக் கிழித்துவிட்டிருந்தார். அவருக்கும் விவரம் தெரியும். அதை நான் மறுக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. நகராட்சிக் குழு பார்வையிட வருவதாக இருந்தது. குழுத் தலைவி துரிட் எங்கள் தளத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தால், ஊரின் எல்லாத் தளங்களுக்கும் இதையே விதியாக்குவதாகச் சொல்லியிருந்தார். எத்தனை கட்டடங்கள், எத்தனை நுரையீரல்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காலையில் நிலவறைக்குப் போய்ச் சொன்னேன்.

"ஸ்டெய்னார், இன்னிக்கு மட்டும் இதை அணைச்சிடு. ஆளுங்க வர்றாங்க."

"அவங்க வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க. திங்கக்கிழமை தரை போட வர்றவனுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

"குழாய் ஆளு மத்தியானம் வந்துடுவான்."

"ஹால்வார், நீ போய் வாஃபிள் சுடு. கட்டடத்தை நான் கட்டிக்கிறேன்."

இதனால் கோபம் வந்து செய்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நான் கோபப்படுகிறவன் அல்ல. என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குழு வருவதற்குச் சற்று முன்பு கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சுற்றுப் போனேன். கிழிந்த மூலை வழியாகச் சாம்பல் நிறப் புகை வந்துகொண்டிருந்தது. பனியில் அது நன்றாகத் தெரிந்தது. என்னிடம் அகலமான ஒட்டுநாடா இருந்தது. அது எப்போதும் என் பையில் இருக்கும். கிழிசலை ஒட்டினேன். பிறகு உள்ளே இறங்கி, அறைக் கதவின் விளிம்புகளையும் வெளியிலிருந்து ஒட்டினேன். நாற்றம் நடைவழிக்கு வரக் கூடாதல்லவா. நான் செய்தது இவ்வளவுதான்.

ஸ்டெய்னார் உள்ளே இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். மதிய ரொட்டியை அவர் அங்கேதான் சாப்பிடுவார். சாப்பிட்டதும், சுவருக்குள் அடைக்க வைத்திருந்த கம்பளிப் பஞ்சு மூட்டைகள்மேல் காலை நீட்டிக் கொஞ்சம் கண்ணயர்வார். நான் நாடாவை இழுத்த சத்தம் கேட்டு, "யாரது? ஹால்வாரா?" என்றார். தூக்கக் குரல். நான் பதில் சொல்லவில்லை. பேச ஆரம்பித்தால் பேச்சு வளரும். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

மூடிய அறையில் டீசல் எரிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வேலைத்தளக் கொட்டகையின் சுவரில் தொங்கிய எச்சரிக்கைப் பலகை நான் எழுதியது. அந்த நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, முதலில் தூக்கம்தான் வரும் என்று படமும் போட்டிருந்தேன்.

துரிட்டைத் தளம் முழுக்கக் கூட்டிப்போனேன். நிலவறை நடைவழியில் அவர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"அட, இங்கதான் ரொம்பக் கதகதப்பா இருக்கு. இதுவும் வெந்நீர்தானா?"

"வெந்நீர்தான்."

அப்போது கதவுக்குப் பின்னால் ஏதோ விழுந்தது. கனமாக, மெதுவாக.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"கட்டடம் காயுறப்ப இப்படிச் சத்தம் வருங்க. பழகிடும்."

அவர் சிரித்தார். மேலே போய் வாஃபிள் சாப்பிட்டோம். இடையில் எழுந்து போய் நாடாவைப் பிரித்திருக்கலாம். நினைத்தும் பார்த்தேன். துரிட் இன்னொன்று கேட்டார். வந்தவர்களைப் பாதியில் விட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர்கள் கிளம்பியதும் நாடாவை எல்லாம் உரித்து எடுத்தேன், பிளாஸ்டிக் மூலையைப் பழையபடி தொங்கவிட்டேன். ஸ்டெய்னார் கதவருகில் கிடந்தார். முகம் நன்றாகச் சிவந்திருந்தது, ஏரியில் நீந்திவிட்டு வந்தவர்போல. சூடேற்றியை அணைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். காற்று திசைமாறி வீசியதில் பிளாஸ்டிக் திறப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உங்கள் காவல்துறை ஆட்களே சொன்னார்கள். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடக்கத்தன்று அவர் மனைவி மார்கிட் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ எத்தனை தடவை சொன்ன அவர்கிட்ட, அதை விட்டுடுன்னு. கேட்டாரா மனுஷன்?" என்றார். கேட்கவில்லை என்றேன். அது உண்மைதானே.

நகராட்சிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். என் நண்பரைப் பற்றிப் பேசினேன். குரல் தழுதழுத்தது, அது நடிப்பல்ல. விதியை எதிர்த்துக்கொண்டிருந்தவர்களும் கை தூக்கினார்கள். இப்போது இந்த ஊரில் எந்தத் தளத்திலும் டீசல் சூடேற்றி கிடையாது. இனி யாரும் ஸ்டெய்னார்போலச் சாக மாட்டார்கள். இதில் எனக்கும் பங்குண்டு என்று அடக்கமாகச் சொல்லலாம்.

பிறகு ஏன் இப்போது வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காரணம் வேறு. சென்ற வாரம் பள்ளியின் திறப்பு விழா. வாசலில் ஒரு பலகை பதித்திருக்கிறார்கள். 'ஏறக்குறைய முழுவதும் டீசலின்றிச் சூடேற்றிக் கட்டப்பட்டது' என்று இருக்கிறது. ஏறக்குறைய. ஸ்டெய்னாரின் சூடேற்றி எரிந்ததால் அந்தச் சொல்லைப் போட வேண்டியதாயிற்றாம். துரிட்டிடம் எவ்வளவோ வாதாடினேன். கட்டடத்தைச் சூடேற்ற டீசல் எரிந்திருக்கிறது, விதி விதிதான் என்றுவிட்டார்.

அதனால் நீங்கள் இதைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். நான் நாடாவை ஒட்டிய நிமிடத்திலிருந்து அந்த டீசல் கட்டடத்தைச் சூடேற்ற எரியவில்லை. ஸ்டெய்னாரைக் கொல்ல எரிந்தது. எரியவிட்டவன் நான். அதற்கு முன்னால் எரிந்தது மிகச் சொற்பம். அதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள்.