அம்மாவுக்கு வந்த அட்டை

— எதுக்குட்டி இங்க இழுத்துட்டு வந்த? உள்ள பாட்டு ஆரம்பிச்சாச்சு. அடுத்து மைக்குல நான்தான் சாட்சி சொல்லணும்.

— அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்மா. இந்தப் படியில உக்காரு. லைட்டு வேண்டாம்.

— முழு ராத்திரி ஜெபத்துக்கு வந்துட்டு மாடிப்படி இருட்டுல ரகசியம் பேசுறவ இந்தப் பவானிபூர் சபையிலயே நீ ஒருத்திதான் தாரா. என்ன, வயித்த வலிக்கா?

— இல்ல. சாட்சியில நீ என்ன சொல்லப் போற?

— உனக்குத் தெரியாததாக்கும். மாருல கட்டி, திங்கக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் நாள் குறிச்சுட்டாரு. ஆனா புது வருஷத்துக்குச் சபையில எடுத்த வாக்குத்தத்த அட்டையில, நீ சாகமாட்ட, பிழைச்சிருப்பன்னு கர்த்தர் எனக்குச் சொல்லியிருக்காரு. அதனால கத்தி வேண்டாம், விசுவாசத்துல நிக்கப் போறேன். அம்புட்டுதான்.

— லைவ் வேற போகுது.

— போகட்டும். நாகர்கோவில்ல உங்க அத்தைமாரு முழிச்சிருந்து பாக்காவ.

— அந்த அட்டை உன்னுது இல்லம்மா.

— எந்த அட்டை?

— உன் பைபிளுக்குள்ள இருக்கே, அது. டிசம்பர் முப்பத்தொண்ணு ராத்திரி பாஸ்டர் தட்டை ஏந்திட்டு வந்தப்ப நான் எடுத்த கவர்ல இருந்தது. நீ எடுத்தது வேற.

— சொல்லு. கேக்கேன்.

— வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டு ஜெபிச்சுட்டுத்தானே நம்ம கவரைப் பிரிப்போம். அன்னிக்கு டாக்ஸியில நீ கண்ண மூடிட்ட. ரெண்டு கவரும் என் மடியில. ராஸ்பிஹாரி சிக்னல்ல வண்டி நின்னப்ப மெதுவா பிரிச்சுட்டேன். கட்டி இருக்குன்னு அப்ப உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாகிட்டகூட நீ சொல்லல. எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சும்மா.

— என் கவர்ல என்ன இருந்துச்சு?

— தண்ணியக் கடக்கும்போது கூட இருப்பேன்னு.

— நல்ல வசனம்தான.

— எங்க நல்ல வசனம்? தண்ணியே வராதுன்னு சொல்லலையே. கடந்துதான் ஆகணும்னுல்ல இருக்கு. என்னுதைப் பிரிச்சா, சாகமாட்ட, பிழைச்சிருப்ப. எனக்கு எதுக்கு அது, பதினொண்ணாங்கிளாஸ் பரீட்சைக்கா? மாத்தி வச்சு ஒட்டிட்டேன். நீ நிம்மதியா தூங்குவன்னு நினைச்சேன். ஆபரேஷனே வேண்டாம்னு சொல்லுவன்னு நினைக்கவே இல்ல.

— அட்டைய அச்சடிச்சது சிவகாசிக்காரன். அதை உன் கைல எடுக்க வச்ச கர்த்தரு, என் கைக்கு மாத்தியும் குடுக்கமாட்டாரா? பாஸ்டர்கிட்ட கேளு, இப்படித்தான் சொல்லுவாரு.

— அப்ப கட்டிய சீக்கிரமே காட்டிக் குடுத்தது மட்டும் அவர் இல்லையா? டாக்டர்பாபு என்ன சொன்னாரு? இப்ப எடுத்தா இதோட போச்சு, ஆறு மாசம் தள்ளினா நான் பொறுப்பில்லன்னாரு. வங்காள பாஷையில சொன்னதை நான்தானே உனக்குத் தமிழ்ல சொன்னேன்.

— அதையும் மாத்திச் சொல்லியிருப்ப.

— அம்மா.

— சும்மா சொன்னேன். விடு.

— அப்பாவாவது உன்னப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாருன்னு பாத்தேன்.

— அவருக்கு ஆத்ரா ஸ்டேஷன்ல ரயிலு ஓடணும், அந்த வேலைதான் பெருசு. உன் விசுவாசத்தின்படி ஆகட்டும்னு போனை வச்சுட்டாரு.

— இயேசுவச் சிலுவைக்குக் குடுத்த பிலாத்துகூட தண்ணி கொண்டுவரச் சொல்லித்தான் கை கழுவினான். அப்பாவுக்கு அதுகூடத் தேவைப்படல.

— வாய்க் கொழுப்பு கூடிப்போச்சு உனக்கு.

— போன மாசம் வாலிபர் கூட்டத்துல எங்கள ஸ்ரீராம்பூர் கூட்டிட்டுப் போனாங்கல்ல. அங்க இருந்த மிஷனரி கேரி ஐயா எத்தனை பாஷையில வேதத்தை மொழிபெயர்த்தாருன்னு பாஸ்டர் ஒரு மணிநேரம் பேசினாரு. அவர் சம்சாரத்துக்குப் புத்தி பேதலிச்சு, பக்கத்து அறையிலயே அடைச்சு வச்சிருந்தாங்களாம். அதை மட்டும் ஒரே வரியில முடிச்சுட்டாரு. லேக் கார்டன்ஸ்ல நம்ம வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு அவங்க நினைப்புதான்.

— அவங்க நினைப்பு உனக்கு எதுக்கு?

— இந்தப் பக்கம் எல்லாரும் கர்த்தருக்கு வேலை செஞ்சிட்டு இருந்திருப்பாங்க. ஒருத்தராவது கதவைத் திறந்து, பயமா இருக்கான்னு கேட்டிருப்பாங்களா?

— அந்த அம்மா பேரு என்ன?

— பாஸ்டர் சொல்லல.

— சொல்லியிருக்கலாம்.

— நான் உள்ள போய் மைக்குல சொல்லிடுறேன்மா. அட்டைய மாத்தினது நான்னு.

— பைத்தியமா உனக்கு? தேவனோட வார்த்தையில கை வச்சவன்னு ஆயுசுக்கும் உன்னச் சொல்லுவாங்க. கல்யாணம் வரைக்கும் பேச்சு வரும்.

— வரட்டும். மாத்தி வச்ச அட்டைய நம்பி நீ செத்துப்போனா, உன்னக் கொன்னது நான்தானே. அதை அப்புறம் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? ரெண்டு மாசமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஜெபத்துலகூடச் சொல்ல பயமா இருந்துச்சு. கண்ண மூடினா அந்த சிக்னல்தான் வருது.

— இங்க வா. இப்படிச் சாஞ்சுக்க.

— யாரு படியில? விஜயாக்காவா? ஸ்தோத்திரம்க்கா. உங்கள உள்ள எல்லாம் தேடியாச்சு. எங்க பாஸ்டர் ஐயா மைக்கை வச்சுக்கிட்டு உங்க பேரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு.

— சகுந்தலா, உன் வீட்டுக்காரர்கிட்ட போய்ச் சொல்லு. இன்னிக்கு என் சாட்சி கிடையாது. திங்கக்கிழமை நான் ஆபரேஷனுக்குப் போறேன். ஜெபம் மட்டும் பண்ணச் சொல்லு.

— ஆண்டவரே, என்னக்கா இது? ஜீவனோட இருப்பன்னு உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்காரே. தாரா, நீ ஏதாவது சொல்லி அம்மா விசுவாசத்தைக் கலைச்சியா?

— ஆன்ட்டி, நான்தான் அந்த அட்டைய...

— நீ சும்மா இரு. அவ ஒண்ணும் கலைக்கல சகுந்தலா. அந்த வசனம் எனக்கு வந்தது இல்ல. அது எனக்கு அன்னிக்கே தெரியும்.

— அன்னிக்கேவா? எப்படிம்மா?

— தட்டுல எடுத்த கையோட, சபை பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பிரிச்சுப் பாத்துட்டேன்ட்டி. தண்ணியக் கடக்கணும்னு இருந்துச்சு, மறுபடி ஒட்டிக்கிட்டேன். வீட்டுல பிரிச்சா வேற வசனம். உன் மூஞ்சியப் பாத்தேன், புரிஞ்சு போச்சு. கத்திக்குப் பயந்துதான் போகலன்னு இந்தச் சபையில எப்படிச் சொல்லுவேன்? அதான், உன் அட்டைன்னு தெரிஞ்சேதான் பிடிச்சுக்கிட்டேன்.