‘மகாவின் தங்கை’க்கு முதல் பிரதி

நேரத்தையும் என்னையும் ஒருசேரக் கண்காணித்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் சான்றோர்களே! காபி வரும் கதவையே கண்கொட்டாமல் பார்த்துக் காத்திருக்கும் பெரியோர்களே! மாலை டிராஃபிக்கைப் பிளந்துகொண்டு பிரேசர் டவுன் வந்து சேர்ந்த வீரத் தாய்மார்களே! வணக்கம்.

இந்த ஓஸ்வால்ட் உங்களுக்கு ஓர் உறுதிமொழி தருகிறேன். நான் சொல்லப்போகும் கதையை இந்த அரங்கில் ஒருவரும் நம்பப்போவதில்லை.

என் அக்காள் மகள் லீனா நாவலாசிரியை. அவளுடைய முதல் நாவல் ‘ஈரச் சுவர்’ வந்தபோது விமர்சகர்கள் என்ன எழுதினார்கள்? ‘தெரு அதிகம், இலக்கியம் குறைவு’ என்று எழுதினார்கள். அந்த மதிப்புரையின் கனம் தாங்காமல், அதை ஏற்றிவந்த ரயில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஒரு சாண் தாழ்ந்து நின்றது! இரண்டாவது நாவலுக்கு என்ன எழுதினார்கள்? ‘இலக்கியம் அதிகம், தெருவைக் காணோம்’ என்றார்கள். எங்கள் ஜீவனஹள்ளி மக்கள் பதறியடித்து வெளியே வந்து, தெரு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள்!

மூன்றாவது நாவல் ‘ஆலைச் சங்கு’. ஒருவர் எழுதினாரா? ஒரு வரி எழுதினாரா? ஒரு வசையாவது எழுதினாரா? இல்லை! அந்த மௌனத்தைக் கேட்டு மிரண்டு, பெங்களூர் ஆட்டோக்கள் ஒரு வாரம் ஹாரன் அடிக்கவில்லை.

லீனா என் வீட்டுக்கு வந்தாள்.

"திட்டினாக்கூட பரவால்ல மாமா, யாரோ படிச்சாங்கன்னு இருக்கும். போதும். இனிமே எழுதல."

பாதி எழுதியிருந்ததையும் அழித்துவிட்டதாகச் சொன்னாள். 

இப்போது கதைக்கு வருகிறேன். பீன்யா தொழிற்பேட்டைக்குச் செல்லும் கம்பெனி பஸ்ஸில், ஜீவனஹள்ளி யசோதா ‘ஆலைச் சங்கு’ நாவலின் கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்தார். கதாநாயகி மகா சாகிறாள். பஸ்ஸே அழுதது! கண்ணீர் டயரைத் தொட்டது, சீட்டைத் தொட்டது, பஸ் மிதந்தது, பீன்யாவைத் தாண்டித் தும்கூருக்கே போய்விட்டது!

யாரப்பா அங்கே சிரிப்பது? பிரகாஷா? சரி, உனக்காகப் பாதி வழியில் நெலமங்கலாவிலேயே நிறுத்திவிடுகிறேன். போதுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை யசோதா, லீனா போகும் சர்ச் வாசலுக்கே வந்துவிட்டார். பின்னட்டைப் படத்தையும் லீனாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதான எழுதுன? அந்த மகாவ எதுக்கும்மா சாகடிச்ச? உனக்கு மனசே இல்லியா? அழுதுட்டே ஸ்டாப்ப வுட்டுட்டேன். சூப்பர்வைசர் கிழிகிழின்னு கிழிச்சிட்டான்!"

"சாரிக்கா..."

"உன் சாரி யாருக்கு வேணும்? அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாளே, அவ என்ன ஆனா? அதச் சொல்லு மொதல்ல!"

அந்தத் தங்கை நாவலில் ஒரே ஒரு வரியில் வருகிறவள். எழுதியவளே மறந்துவிட்டவள். லீனா நின்றாள், விழித்தாள், "தெரியலக்கா" என்றாள்.

"தெரியலன்னா? யோசிச்சு எழுது!"

அவ்வளவுதான். அதன் விளைவுதான் இன்று வெளியாகும் ‘மகாவின் தங்கை’.

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. தலைவரே, மணி அடிக்க வேண்டாம், முடித்துவிட்டேன். ரயில் தாழவில்லை. ஹாரன் ஓயவில்லை. பஸ்ஸும் மிதக்கவில்லை. அந்தத் திட்டு மட்டும் நிஜம். திட்டியவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

யசோதாம்மா, மேலே வாங்க. முதல் பிரதி உங்களுக்குத்தான்.