போணிக்கு முன்

நல்ல மின்னஞ்சல் என்றால், சார், அண்ணாச்சிக்குப் புரிய வேண்டும், திருடனுக்குப் புரியக் கூடாது. அப்பாத்துரை அண்ணாச்சியின் அரிசி ஆலைக்கு மேனேஜர் என்ற முறையில் நான்தான் தேடினேன். ஒவ்வொன்றிலும் விமானம் ஓட்டுகிற அளவுக்குப் பொத்தான்கள். கடைசியில் எளிமையாக ஒன்று கிடைத்தது. அண்ணாச்சி அரை நாளில் படித்துக்கொண்டார்.

பாதுகாப்பு எதற்கு என்று கேட்பீர்கள். கேரளத்துக்கு நாங்கள் வாட்ஸ்அப்பில் சொல்லும் அரிசி விலை, அன்றைக்கே எதிர் ஆலைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. "குற்றாலலிங்கம், நம்ம ஆபீசுல நம்பிக்கையான ஆளு நீருதான். கள்ளப்பய நுழைய முடியாத மெயிலா பாரும்வே" என்றார். கள்ளப்பயல் நானே என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. கடவுச்சொல்லையும் நானே வைத்தேன். பாவம், வயசானவர், மறந்துவிடுவார் அல்லவா.

அவர் ஒரே ஒரு வசதி கேட்டார். "போணி ஆகுறதுக்கு முன்ன கெட்ட சேதி என் கண்ணுல படக் கூடாதுவே." நியாயம்தானே. அன்றைய முதல் ஆர்டர் வரும்வரை பழுது, கசிவு, நட்டம், சாவு என்று எந்தச் சொல் இருந்தாலும் அந்த மெயில் என் பெட்டிக்குத் திரும்பும்படி செய்துவைத்தேன். போணி ஆனதும் பக்குவமாக எடுத்துச் சொல்வேன்.

முக்கூடலில் இருக்கிற எங்கள் ஆலையில் பாய்லர் பார்க்கிறவன் இசக்கிராஜா. எதிர் ஆலைக்காரரின் காரிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துத் தொலைத்தான். "அண்ணே, நீங்களே அண்ணாச்சிட்ட சொல்லிருங்க. இல்லன்னா நாளைக்கு நான் வந்து சொல்லுதேன்" என்றான். மரியாதை தெரிந்த பையன். ஒரு நாள் அவகாசம் கொடுத்தான் பாருங்கள், இந்தக் காலத்தில் யார் கொடுக்கிறார்கள்?

மறுநாள் காலை அவனுடைய மெயில் என் பெட்டியில் விழுந்தது. பாய்லர் வால்வு பழுது, அழுத்தம் ஏறுகிறது, அடுப்பை அணைக்கலாமா என்று கேட்டிருந்தான். முன்பு ஒருமுறை கேட்காமல் அணைத்து நெல் வீணானதில், அண்ணாச்சி அவனை எல்லார் முன்னாலும் வைதிருந்தார். அதிலிருந்து எழுத்தில் உத்தரவு வராமல் அவன் எதையும் தொடுவதில்லை.

டவுன் ஆபீசில் அண்ணாச்சி அடுத்த அறையில்தான் இருந்தார். ஆனால் இன்னும் போணி ஆகவில்லை. வழக்கத்தை நான் மீறலாமா? அவர் பெயரிலேயே பதில் எழுதினேன்: "அணைக்காத. பக்கத்துலயே நின்னு பாத்துக்கோ." பக்கத்துலயே என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன்.

"சரி அண்ணாச்சி" என்று உடனே எழுதினான். அவன் கடைசியாக எழுதியது அதுதான். அதில் கெட்ட சொல் எதுவும் இல்லாததால் நேரே அண்ணாச்சிக்கே போய்விட்டது. அந்த மெயில் கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன், சார். சொன்னபடி வேலை செய்தது.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "என்னவே, இந்த இசக்கிராஜா எதுக்குச் சரிங்கான்? நான் ஒண்ணும் சொல்லலியே?"

அப்போது பாய்லர் இன்னும் வெடிக்கவில்லை. ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

"போணி ஆகட்டும் அண்ணாச்சி, சொல்லுதேன்" என்றேன்.