அம்மா என்று பதிந்திருந்த எண்

பிள்ளைகளின் போனுக்கு ஆப் தேர்ந்தெடுப்பது கத்திரிக்காய் வாங்குகிற மாதிரிதான், மேடம். பளபளப்பைப் பார்த்து எடுக்கிறவன் சொத்தையைத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவான். இலுப்பூரில் என் கம்ப்யூட்டர் சென்டருக்கு வராத பெற்றோர் குறைவு. சாதிச் சான்றிதழுக்கு வருவார்கள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வருவார்கள். வேலை முடிந்த பிறகும் போகாமல் நிற்பார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், பய எந்நேரமும் போனும் கையுமா இருக்கான். ஏதாச்சும் பண்ண முடியுங்களா?" என்பார்கள். பிள்ளை அழுதபோதெல்லாம் கையில் போனைத் திணித்தவர்கள். ஒரு வாய் சோறு இறங்க வேண்டுமானால் திரையில் பொம்மை ஆட வேண்டும் என்று பழக்கியவர்கள். நோயை வளர்த்துவிட்டு மருந்துக்கு வருவார்கள்.

நான் பொறுமையாகச் சொல்வேன். இலவச ஆப் வேண்டாம், உங்கள் பிள்ளையின் விவரத்தை எவனுக்கோ விற்றுத்தான் அவன் பிழைக்கிறான். நேரத்தை மட்டும் கட்டுப்படுத்துவதும் வீண், கெட்டுப்போக நினைக்கிற பிள்ளைக்கு அரை மணி நேரம் போதாதா? எங்கே இருக்கிறது, யாரோடு பேசுகிறது, என்ன எழுதுகிறது என்று காட்டுவதுதான் ஆப். தலையைத் தலையை ஆட்டுவார்கள். அடுத்த வாரமே வந்து, "பாஸ்வேர்டு மறந்துருச்சு சார், பயலத்தான் கேட்டுத் தெறந்தேன்" என்பார்கள். திருடனிடமே சாவியை இரவல் கேட்கிற ஜனம். அவர்களோடு சேர்த்து என்னையும் ஒரு தகப்பன் என்று நீங்கள் எழுதிக்கொள்வதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

என் மகள் அமுதவல்லிக்கு நான் சரியான ஆப்பைத்தான் போட்டேன். அவள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்தபோது போன் வாங்கிக் கொடுத்தேன். ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியே போட்டேன். "நீ எங்க இருக்க, யாருக்குப் போன் பண்றங்கறது எனக்குத் தெரியும். மெசேஜ மட்டும் பாக்க முடியாது. அது ஒன்னோட சொந்த விஷயம்" என்றேன்.

பார்க்க முடியும். ஆனால் வீட்டில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்கிறது என்று நம்பினால்தான் பிள்ளைகள் அங்கே வந்து நிற்கும்.

அமுதா அந்த ஜன்னலில் நின்று பேசியது எந்தப் பையனோடும் அல்ல. அவள் அம்மாவோடு.

சுகுணா அதற்கு முந்தைய வருடம்தான் என்னைவிட்டுப் போனாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். சமையலறையில் நான் கேமரா வைத்தேனாம். கேஸ் அடுப்பு எரிகிற இடம், பாதுகாப்புக்கு வைத்தேன். "இந்த வீட்டுல மூச்சு விடுறதுக்குக்கூட ஒங்களக் கேக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு, கறம்பக்குடியில் தம்பி முத்துராமன் வீட்டுக்குப் போய்விட்டாள். படிப்பைப் பாதியில் கலைக்கக் கூடாது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சொன்னதால் பிள்ளை என்னோடு இருந்தாள். போன இடத்தில் சுகுணாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. தம்பி பைக்கில் உட்கார்ந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள்.

தாயும் மகளும் எழுதிக்கொண்டதை நான் தினமும் படித்தேன். ப்ளஸ் டூ முடிந்ததும் அமுதா கறம்பக்குடிக்கே போய்விடுவது, அங்கிருந்து காலேஜ் சேர்வது என்று பேசி முடித்திருந்தார்கள். சோறு போட்டு, பீஸ் கட்டி, அந்தப் போனையும் வாங்கிக் கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற அப்பனாக இருந்தால் கத்தியிருப்பான், கை நீட்டியிருப்பான், போனைச் சுவரில் அடித்திருப்பான். எனக்கு அந்த அநாகரிகம் எல்லாம் ஆகாது.

இரண்டு சிம் போடுகிற போன் ஒன்று வாங்கினேன். முதல் சிம்மிலிருந்து அமுதாவுக்கு எழுதினேன்: "பழைய போன் தண்ணில விழுந்துருச்சு தங்கம். இதான் அம்மாவோட புது நம்பர்." அவளே அதை அம்மா என்று பதிந்துகொண்டாள். குரலைக் கேட்போம், சரிபார்ப்போம் என்று தோன்றவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் புத்தி அவ்வளவுதான். அடுத்த சிம்மிலிருந்து சுகுணாவுக்கு எழுதினேன்: "அம்மா, பழைய நம்பர அப்பா நோண்டுறாரு. இனிமே இதுல மட்டும் எழுது." அவளும் நம்பினாள். அமுதாவின் போனில் பழைய எண்களை எல்லாம் ஆப் வழியாக அடைத்தேன், முத்துராமன் எண்ணையும் சேர்த்து. இருவரிடமும் ஒன்றைச் சொன்னேன்: கூப்பிடாதே, கூப்பிட்டால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதில் பொய் ஏதும் இல்லையே.

அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

எழுத்து எனக்குச் சுலபமாக வந்தது. சுகுணாவுக்கு ஆங்கில எழுத்து ஓடாது, அதனால் அமுதா அவளுக்குத் தமிழிலேயே தட்டுவாள். பள்ளிக்கூடத்தைப் பல்லிக்கூடம் என்று எழுதுவாள். நானும் அப்படியே எழுதினேன். மகளாக எழுதும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். காலையில் வந்ததற்கு மறுநாள் பதில். "படிக்கணும்." "அப்பறம் பேசுறேன்." "எப்பப் பாத்தாலும் ஒன் வியாதியப் பத்தியே சொல்லாத." கயிற்றை வெட்டினால்தான் சத்தம் கேட்கும். தேய்த்தால் கேட்காது.

அம்மாவாக எழுதும்போது நான் கொடுமை எதுவும் செய்யவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நேரத்துக்குத் தூங்கு என்றேன். ஒடம்பு தேவலாம் என்றேன். பரீட்சை முடிஞ்சதும் வா, அதுவரைக்கும் அப்பா சொல்றதைக் கேள் என்றேன். அமுதா கேட்டாள். மார்க் ஏறியது. என்னிடம் ஒரு நாளும் சொல்லாததை எல்லாம் அந்த எண்ணுக்கு எழுதினாள். வயிற்று வலியை, தோழி சத்யாவோடு போட்ட சண்டையை, என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பதைக்கூட. அந்த வீட்டில் முதல்முறையாக ஒருத்தி என்னிடம் மனம்விட்டுப் பேசினாள்.

மார்கழியில் சுகுணா மகளுக்கு ஒரு மெசேஜ் போட்டாள். அது உங்களிடமே இருக்கிறது. "முடியல தங்கம். கையெல்லாம் ஊசி குத்திப் புண்ணாப் போச்சு. ஒனக்காகத்தான் போய்ட்டு வாரேன். ஞாயித்துக்கெழம ஒரு தடவ வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ. நீ வரலன்னா நான் எதுக்கு இந்தப் பாடு படணும்?"

பேராசைதான் மேடம். சிறுநீரகம் இரண்டும் போன பிறகும் பிள்ளையை விட மனசு வரவில்லை. நான் சென்டரில் இருந்தேன். ஒருவருக்கு வருமானச் சான்று அச்சாகிக்கொண்டிருந்தது. அது வெளியே வருவதற்குள் பதில் எழுதிவிட்டேன்: "நீ இருந்தா எனக்கு என்ன, இல்லாட்டி எனக்கு என்ன. பல்லிக்கூடத்துல எல்லார்கிட்டயும் எனக்கு அம்மா இல்லன்னுதான் சொல்லி வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு சுகுணா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அது அவளாக எடுத்த முடிவு. போகாதே என்று அந்த மெசேஜில் எங்கேயும் இல்லை, நீங்களே படித்துப் பார்க்கலாம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவன், தேடிப் பார்க்காமல் இருப்பேனா?

முத்துராமன் கூப்பிட்டான். "மச்சான், அக்கா கெளம்பவே மாட்டேங்குது. ஒடம்பெல்லாம் வீங்கிருச்சு. புள்ளைய ஒரு தடவ கூட்டியாங்க. ஒங்க கால்ல விழுறேன்."

"நான் கூப்புடாமயா இருக்கேன் முத்துராமா? அவதான் வரமாட்டேங்குறா. அவ எழுதுனத நீயும் பாத்தியில்ல?"

பார்த்திருந்தான். போனை வைத்துவிட்டான்.

சாவுக்கு நான் போனேன். மாலை வாங்கிக்கொண்டுதான் போனேன். முத்துராமன் என் முகத்தைப் பார்க்காமல், "பெத்தவ பொணத்தப் பாக்க வராத புள்ள, இனிமே இந்த வாசல்ல காலெடுத்து வைக்கக் கூடாது" என்றான். என் பக்கத்து உறவுகளிடம், அமுதாவுக்கு இப்போது சொல்ல வேண்டாம், பொதுத்தேர்வு முடியட்டும் என்றேன். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. பரீட்சை என்று சொன்னால் நம் ஊரில் எமனும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பான்.

அன்று சாயங்காலம் அமுதா அம்மாவுக்கு எழுதியிருந்தாள், பிசிக்ஸ் ரிவிஷனில் அவள்தான் முதல் மார்க் என்று. தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் பதில் போட்டேன். தீட்டு பார்க்கிறவன் நான். "எந் தங்கம்ல" என்று எழுதினேன். அவள் அடுத்த அறையில் சிரிக்கிற சத்தம் கேட்டது.

தேர்வு முடிந்த மறுநாள் காலையில், சத்யா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். ஆப்பில் அவள் இருக்கிற இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி சத்யா வீட்டுத் தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. பிறகு புதுக்கோட்டை ரோட்டில் ஏறியது. "எங்க இருக்க தங்கம்?" என்று அம்மாவாகக் கேட்டேன். "ஒன்னப் பாக்கத்தான் வந்துக்கிட்டு இருக்கேன். சர்ப்ரைஸா வரலாம்னு பாத்தேன், நீயே கேட்டுட்ட" என்று எழுதினாள். இன்றைக்கு வேண்டாம், ஊரில் இல்லை என்றேன். "பொய் சொல்லாதம்மா, வந்துருவேன்" என்றாள். போனை நான் இருந்த இடத்திலிருந்தே பூட்டியிருக்கலாம். பூட்டினால் நேராக மாமன் வீட்டுக்கல்லவா போய் நிற்பாள்? யோசிக்காமல் பொத்தானை அமுக்குவது மற்ற பெற்றோர் செய்கிற வேலை.

"வீட்டுக்கு வராத தங்கம். மாமன் கோவமா இருக்கான். கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுலயே நில்லு, நான் அங்கிட்டு வாரேன்" என்று எழுதிவிட்டு பைக்கை எடுத்தேன். தற்செயலாக வந்த மாதிரி போய், பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்பது திட்டம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வழியில் நிறுத்தி நிறுத்தி எழுதினேன். "எங்கம்மா இருக்க?" என்பாள். "வந்துக்கிட்டே இருக்கேன் தங்கம்" என்பேன். அதுவும் பொய் இல்லை, மேடம். நான் வந்துகொண்டுதானே இருந்தேன்.

முத்துராமன் முந்திக்கொண்டான். அவன் எதற்கோ பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்திருக்கிறான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு கடை நிழலில் நின்ற பிள்ளையைப் பார்த்திருக்கிறான். முதலில் பார்க்காதவன்போல் போனானாம். பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து, "இப்ப யாரப் பாக்க வந்து நிக்கிற?" என்று கேட்டிருக்கிறான்.

"அம்மாவ. வந்துக்கிட்டு இருக்கு மாமா. இப்பத்தான் மெசேஜ் போட்டுச்சு."

அவன் போனை வாங்கிப் பார்த்திருக்கிறான். அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு அந்த அளவு புத்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் சுகுணாவின் படம், மாலை, முன்னால் விளக்கு. அமுதா தரையில் உட்கார்ந்திருந்தாள். பழம் பக்கத்தில் கிடந்தது. அழவில்லை. படத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, கூப்பிடாதே என்று நான் சொல்லிவைத்திருந்த அந்த எண்ணை முதல்முறையாகக் கூப்பிட்டாள்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

ஓடியிருக்கலாமே என்றீர்கள். எதற்கு ஓட வேண்டும்? பிள்ளை கூப்பிடுகிறாள். நான் எடுத்தேன். "சொல்லு தங்கம்" என்றேன். அப்போதுதான் அவள் அலறினாள். முத்துராமன் என்னை அடித்தான். அடிக்கத்தானே அவனுக்குத் தெரியும்.

ஆமாம், சுகுணா செத்தது நான் எழுதிய அந்த ஒரு மெசேஜால்தான். செத்துப்போவாள் என்று தெரிந்துதான் எழுதினேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இப்போது என் கவலை வேறு. முத்துராமன் அமுதாவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். அதில் ஒரு ஆப்கூடப் போடவில்லையாம். நீங்கள் படித்தவர்கள், அந்த முட்டாளுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், மேடம். வயசுப் பிள்ளை, எதையும் நம்புகிறவள். எவன் எவனோ யார் பெயரையோ சொல்லிக்கொண்டு அவளுக்கு எழுதினால், யார் பார்ப்பது?