நிறமில்லாத பூச்சு

எனக்கு நெயில் பாலிஷ் போடும் பழக்கம் இல்லை, மாமா. பெரியம்மா மகள் போன முறை வந்தபோது ஒரு சின்ன சீசாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். நிறமே இல்லாதது. "இதையாவது போட்டுக்கோடி, போட்டதே யாருக்கும் தெரியாது" என்றாள். அது அலமாரியில் காய்ச்சல் மாத்திரைகளுக்குப் பக்கத்தில் திறக்கப்படாமல் கிடந்தது.

நீங்கள் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருக்கும் இரண்டு ஃபியூஸ்களிலும் பிளேடால் சுரண்டிய தடம் இருக்கிறது. சுரண்டியதும் அண்ணனின் பைக் ஒரே அமுக்கில் கிளம்பிவிட்டது என்றீர்கள். கிளம்பும். அதில் வேறு கோளாறு எதுவும் இருக்கவில்லை. "இது என்னம்மா, பசையா? உங்கண்ணன் ஏதாவது ஒட்டப் பார்த்தானா?" என்று கேட்டீர்கள். அண்ணன் இல்லை. அவன் உள்ளே தூங்குகிறான், இப்போதெல்லாம் பகலிலும் தூங்குகிறான். கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன்.

அப்பாவின் நுரையீரல் கெட்டதிலிருந்து இந்த வீடு ஓர் இயந்திரத்தின் சத்தத்தில்தான் ஓடியது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாயில் அனுப்பும் இயந்திரம். மின்சாரம் போனால் அது நின்றுவிடும். அந்த நேரத்துக்கென்று கட்டிலருகே ஒரு சிறிய சிலிண்டர். அது தீர்ந்தால் அண்ணன் வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போய் மாற்றிவருவான். மற்றவை என் வேலை. துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, சளியை எடுப்பது, அவர் இருமும்போது முதுகைத் தாங்கிப் பிடித்திருப்பது. அம்மா இருந்திருந்தால் பங்கு போட்டிருப்பாள். நான் இயற்பியல் படித்தவள். கூடப் படித்தவர்கள் மேலே படிக்கப் போனபோது நான் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போகிறாயா என்றும் யாரும் கேட்கவில்லை. வீட்டுச் சுவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை அல்லவா.

அண்ணன் உள்ளே நுழைந்தால்தான் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். "என்னப்பா, மெஷின் உங்கள ஓட்டுதா, நீங்க மெஷின ஓட்டறீங்களா?" என்பான். அப்பா மூச்சை மிச்சம் பிடித்து, "உன்ன மாதிரி தெருத் தெருவா ஓட்டலடா" என்பார். நாள் முழுக்க அருகில் இருந்த என்னிடம் அவர் தண்ணீர், தலையணை இரண்டையும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. குறையாகச் சொல்லவில்லை. மூச்சு குறைவாக இருப்பவர் அதை எங்கே செலவழிப்பது என்று பார்த்துத்தான் செலவழிப்பார்.

ஒருநாள் வண்டியின் பேட்டரி முனை தானாகவே தளர்ந்துபோனது. அண்ணன் வேலைக்குப் போக முடியவில்லை. அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டான். நான் மதியம் முழுவதும் தூங்கினேன். விழித்தபோது தலையணை உறையின் தையல் கன்னத்தில் பதிந்திருந்தது. கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுத்து வரும் வேலை, பரிசோதனைக்கூடத்துக்கு. சொந்த வண்டி இருக்க வேண்டும், திங்கட்கிழமை மதியத்துக்குள் வண்டியோடு வந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்கள். அங்கேயே அறை பார்த்துவிட்டான். "மாசா மாசம் வந்துட்டுப் போறேன். அதான் நீ இருக்கியே" என்றான். நீங்களும் அதையேதான் சொன்னீர்கள், மாமா. உங்களுக்கு நினைவிருக்காது.

ஞாயிறு மதியம் அவன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள நடந்தே போயிருந்தான். இருக்கைக்கு அடியில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. பெரிய ஃபியூஸை எடுத்து, அந்தச் சீசாவைத் திறந்து அதன் இரண்டு கால்களிலும் பூசினேன். காய்ந்தால் அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு பூச்சு போதாது, செருகும்போது உரசிப் போய்விடும். காயவைத்துக் காயவைத்துப் பூசினேன். அதே பெட்டியில் மாற்று ஃபியூஸ் ஒன்றும் இருந்தது. அதற்கும் பூசினேன். ஒரு பரிசோதனையில் ஒரு வழியைத் திறந்து விட்டுவிட்டால் முடிவு பிழையாகிவிடும். கடைசியில் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை.

சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது எனக்குத் தெரியும். ஞாயிறு கடை இல்லை. "காலையில முதல் வேலையா மாத்திக் கொடுத்துட்டுத்தான் கிளம்புவேன்" என்று அவன் சொல்லியிருந்தான். மின்சாரம் போகும் என்று எனக்குத் தெரியாது. இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் சிலிண்டரை எடுத்துப் போகும் முன் வண்டியைச் சூடாக்கலாம் என்று சாவியைப் போட்டான். ஒன்றும் இல்லை. "ஏய் விஞ்ஞானி, மீட்டர எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டான். அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

"பேட்டரி எவ்வளவு?"

"பன்னிரண்டு புள்ளி ஆறு."

"மாப்பிள்ளை மாதிரி ஜம்முனு இருக்கு. ஃபியூஸ்?"

எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். உள்ளே கம்பி அறுபடவில்லை. அதன் தலையில் இரண்டு உலோகப் புள்ளிகள் உண்டு. மீட்டரின் ஊசிகளை அங்கே வைத்தேன். மீட்டர் கூவியது, ஃபியூஸ் நல்லது என்று அர்த்தம்.

"போகலை" என்றேன்.

"எதுக்கும் அந்த ஸ்பேரைப் போடு."

போட்டேன். வண்டி அசையவில்லை. "அப்ப ஃபியூஸ் இல்ல" என்று அவன் அதை விட்டுவிட்டுச் சாவித் துவாரத்துக்குப் போனான், பிறகு ஒயர்களுக்கு. நான் சொன்ன அளவுகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை, மாமா. தலையில் வைத்தால் கூவும். கால் பிடிப்பைத் தொடும் இடத்தில்தான் மின்சாரம் நின்றது. அங்கே வைத்துப் பார் என்று அவன் சொல்லவில்லை.

அப்போதுதான் உள்ளே இயந்திரம் நின்றது. தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. ஓடிப்போய்க் குழாயைச் சிலிண்டரில் மாட்டினேன். முள் சிவப்பில் இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "டெலிவரி வண்டி வெளிய போயிருக்குங்க, நீங்களே வந்து எடுத்துக்கங்க" என்றார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். "கிளம்பிடுச்சு" என்றார்கள்.

அண்ணன் ஒயர்களைப் பார்க்க முன்விளக்கைக் கழற்றிப் போட்டிருந்தான். "ரெண்டே நிமிஷம், பிடிச்சிடுவேன்" என்றான்.  "நீ படிச்சவதானே, ஏதாவது சொல்லேன்" என்றான். அப்பா இருமும் சத்தம் வாசல்வரை கேட்டது. "அந்த ஃபியூஸ இன்னொரு தடவ எடுத்துப் பாரு" என்றான் அண்ணன்.

எடுத்தேன். என் உள்ளங்கையில் இருந்தது. வாசற்படியின் கல்லில் நாலு தேய் தேய்த்தால் போதும். தேய்த்தால் எதைத் தேய்த்தாய் என்று கேட்பான். வண்டி கிளம்பினால் சிலிண்டர் வரும், அப்பா மூச்சு விடுவார், மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவன் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். இந்த வரிசையில்தான் யோசித்தேன். பதற்றத்தில் செய்தேன் என்று உங்களிடம் சொன்னால் அது சரியாக இருக்காது. ஆம்புலன்ஸ் வந்துவிடும் என்றும் நினைத்தேன். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"போகலைண்ணா" என்றேன். திரும்பச் செருகினேன்.

அவன் ஸ்பேனரை வீசிவிட்டு ஆட்டோ பிடிக்கப் பெரிய சாலைக்கு ஓடினான். நான் உள்ளே போய் அப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். முதுகை நீவினேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸும் ஆட்டோவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அண்ணன் சிலிண்டரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். அதற்குள் முடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மின்சாரம் வந்தது. இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியது. அதை அணைக்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

அன்று எல்லார் முன்னாலும் நீங்கள் அவனிடம், "வண்டிய வச்சிருந்தா மட்டும் போதாதுடா, பார்த்துக்கத் தெரியணும்" என்றீர்கள். அவன் அந்த வண்டியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்று சாவியை உங்களிடமே கொடுத்தான். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்த அளவில் அது நியாயமான பேச்சு.

அவனை எழுப்பிச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் யோசியுங்கள். அவன் சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறான், போடாவிட்டால் கேட்பதில்லை. குளிக்க வெந்நீர் வைத்து, துண்டைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. "உன்மேல தப்பே இல்லண்ணா" என்று தினமும் சொல்கிறேன். நான் அறிந்து சொல்வதால் மற்றவர்கள் சொல்வதைவிட அதில் உண்மை அதிகம். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று அழுதான். அவன் இவ்வளவு நேரம் என்னிடம் பேசியதே இல்லை.

நேற்று அந்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவனுக்குப் பதிலாக எடுத்த ஆள் நின்றுவிட்டாராம், இடம் காலியாம், இன்னும் விருப்பம் இருந்தால் வரலாமாம். அவனுக்கு உடம்பு சரியில்லை, இனி கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன செய்ய முடியும், மாமா? இந்த நிலையில் அவனைத் தனியாக எங்கேயும் அனுப்ப முடியாது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.