ஷரிபுதீன் கடையில் எல்லாருக்கும் கழுத்துதான் வேணும்

அப்ப நீங்களும் கழுத்தத்தான் பாக்கிறீங்க! பாருங்க சேர், நல்லாக் குனிஞ்சே பாருங்க. இந்தா தொடை தொங்குது, அதுக்கு ஒரு பார்வை இல்ல. ஈரல் பளபள எண்டு இரிக்கி, அதுக்கும் இல்ல. ஒரு கிழமையா இந்தக் கல்முனை மார்க்கட்டுக்கு வாற சனமெல்லாம் என்ட கடைக்கு முன்னால நிண்டு ஆட்டுட கழுத்தத்தான் டொக்டர் மாதிரிப் பாக்கிது. என்ன அநியாயம் இது!

அரைக் கிலோதானே? தாறன், தாறன். காரைதீவு பஸ் ஓடிப் போகாது. அந்த ஸ்டூல்ல இருங்க.

அந்த வாய்ஸ் மெசேச் உங்களுக்கும் வந்திரிக்கும். எவனோ ஒரு வேலையில்லாதவன் போட்டிரிக்கான்... ஆட்டுக் குட்டிட கழுத்துல இரிந்து நெஞ்செலும்புக்குப் பின்னால வரைக்கும் வெள்ளையா ஒரு சுரப்பி இரிக்கி, தைமஸ் எண்டு பேர், அத ஆக்கித் திண்டா நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், தடிமல் வராது, காய்ச்சல் வராது, டெங்கு நுளம்பு கிட்டவும் வராது எண்டு. நாம என்ன கறி திண்டம் எண்டு நுளம்புக்கு எப்பிடி சேர் தெரியும்?

எங்கட ஊட்டுல பொஞ்சாதி ஜெனூபா அதுக்கும் மேல. நெஞ்சுல தட்டினா அந்தச் சுரப்பி முழிச்சிக்குமாம்! விடியச் சுபஹு தொழுது முடிஞ்சா டொக், டொக், டொக்... நானும் ஆரோ கதவத் தட்டுறாங்க எண்டு சாரன இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போய்த் துறந்து பாக்கன். ஒருத்தருமில்ல. மூணு நாள் சேர்! நாலாம் நாள் உண்மையா ஆடு கொண்டு வந்தவன் தட்டினான், நான் எழும்பவே இல்ல. அவன் திரும்பிப் போய்ட்டான்.

ஓம், ஓம், நீங்க சொன்னது எனக்கி மறக்கல்ல. இதே ஸ்டூல்ல இரிந்துதானே சொன்னீங்க. அது ஒரு பள்ளிக்கூடம் மாதிரி எண்டு. ரெத்தத்துல உள்ள வெள்ளக் கலத்துக்கு அதுக்குள்ள வெச்சுத்தான் படிச்சுக் குடுக்கிறதாம். இது நம்மட உடம்பு, இதுல கை வைக்காத. அது வெளியால வந்த கிருமி, அத விடாத. சோதனையில பெயிலானவன அங்கேயே முடிச்சிருவாங்களாம். அல்லாஹ்வே! நாங்க படிச்ச பள்ளிக்கூடத்துல அந்தச் சட்டம் இரிந்திரிந்தா நான் இஞ்ச நிண்டு உங்களோட கதைப்பனா!

மறுகா வாய்ஸ் வந்த நேரம் கேட்டதுக்கு, திண்டா அது மத்த இறைச்சி மாதிரித்தான் செமிக்கும், தட்டினா நெஞ்சுதான் நோகும் எண்டும் சொன்னீங்க. நல்லா நித்திரை கொள்ளு, நட, மீனும் மரக்கறியும் பழமும் தின்னு, சிகரட்ட விடு, மனசப் போட்டுக் குழப்பாத, அவ்வளவுதான் நம்மளால ஏலும் எண்டீங்க. நல்ல கதைதான். ஆனா "நித்திரை கொள்ளுங்க" எண்டு வாய்ஸ் போட்டா எவன் சேர் அடுத்தவனுக்கு அனுப்புவான்?

அதோட நிப்பாட்டியிரிந்தா நான் உங்களுக்கு துஆ கேட்டிருப்பன். நீங்க படிப்பிக்கிற டியூட்டரியில போய் மிச்சத்தையும் சொல்லிப்போட்டீங்களே! குட்டியில அது பெரிசா இரிக்கும், வயசு போகப் போகச் சுருங்கி வெறும் கொழுப்பா மாறிரும் எண்டு. அந்த வகுப்புல ஆரு இரிந்த? அதாவுல்லா ஹாஜியார்ட சின்ன மகள், ஸம்றா!

முந்தாநாள் வந்திச்சு சேர். சலாம் சொல்லிச்சு. "மாமா, கொஞ்சம் கழுத்தக் காட்டுங்க" எண்டிச்சு. நானும் புள்ளதானே எண்டு காட்டினன். ரெண்டு விரலால விரிச்சுப் பாத்துட்டு, ஆறு பேர் நிக்கக்குள்ள சொல்லுது, "மாமா, இது குட்டி இல்ல. இதுக்கு நல்ல வயசு." மேல தொங்கிற கடை போர்டப் பாருங்க. "இளங்கிடாய் இறைச்சி மட்டும்." பதினைஞ்சு வருசமாத் தொங்குது. ரெண்டு விரல் சேர், ரெண்டே விரல்!

மூத்த மகள்ட வலீமாக் கலியாணச் சாப்பாட்டுக்குப் பன்னெண்டு ஆடு என்னட்டத்தான் சொல்லியிரிந்தார் ஹாஜியார். இப்ப யோசிக்காராம். இந்தா முன்னால இறைச்சி விக்கிற முன்கடைக்காரன் அவர்ட ஊட்டுக்கே போய்ட்டு வந்திட்டான். பன்னெண்டு ஆடு போனாலும் பரவால்ல சேர்... இல்ல, பரவாயிருக்கு, அதுவும் பரவாயிருக்கு. ஆனா ஹாஜியார் விட்ட கடை எண்டு பேர் வந்தா மறுகா எவன் வருவான்?

அதான் உங்களக் கேக்கன். உங்கட கதைய அவர் எடுப்பார். சில ஆட்டுக்கு அந்தச் சுரப்பி குட்டியிலயே கரைஞ்சிரும் எண்டு ஒரு வசனம்... ஏன் தலைய ஆட்டுறீங்க? பொய் சொல்லச் சொல்லல்ல சேர். உண்மையக் கொஞ்சம் சுணங்கிச் சொல்லுங்க எண்டுதான்.

என்ன, கைபோன எடுக்கிறீங்க? அந்த வாய்ஸா? வேணாம், போடாதீங்க... நான் எத்தின தரம் கேட்டிட்டன்... நிப்பாட்டுங்க சேர்! ஆக்கள் பாக்காங்க.

...சரி. ஓம். என்ட குரல்தான். பின்னால இறைச்சி வெட்டுற சத்தமும் என்ட கத்திதான். என்ன செய்யச் சொல்றீங்க? எல்லாரும் தொடை, தொடை எண்டு கேட்டா கழுத்த நான் எங்க கொண்டு போற? வாய்ஸ் போட்ட கிழமை உண்மையிலேயே ரெண்டு குட்டி வந்திச்சு, நீங்களும் அந்தச் சுரப்பியப் பத்தி அழகாச் சொன்னீங்க, நான் கொஞ்சம் உப்புப் புளி போட்டு ஊருக்குச் சொன்னன். கழுத்து ரெண்டு மணித்தியாலத்துல முடிஞ்சிச்சு! இப்பிடித் திரும்பி வந்து என்ட கழுத்தப் புடிக்கும் எண்டு எனக்கி எப்பிடித் தெரியும்?

இந்தா, என்ட போன் அடிக்கிது... ஹாஜியார்தான் எடுக்கார். சத்தம் போடாதீங்க சேர். ஹலோ, வ அலைக்குமுஸ்ஸலாம் ஹாஜியார்! உங்களத்தான் நினைச்ச. சேச்சே, புள்ள சின்னப் புள்ளதானே, தெரியாமச் சொல்லிரிக்கி... குட்டிதான் ஹாஜியார், பால் மணம் மாறாத குட்டி! நம்மட நல்லரெத்தினம் சேரே இஞ்ச இரிக்கார், அவரே சொல்றார், ஒரு நிமிசம் குடுக்கன்... சேர், இந்தாங்க... சேர்?

சேர்! அங்க எங்க போறீங்க? நில்லுங்க! இறைச்சிய வெட்டிப்போட்டன்! அந்த முன்கடைக்குப் போய் என்ன புண்ணியம்? அவன்ட ஆட்டுக் கழுத்துலயும் ஒண்டும் இல்ல சேர்! நானும் அவனும் ஒரே பட்டியிலதான் கிழட்டாடு எடுக்கிற!

...ஹலோ?

ஹாஜியார்... நீங்க இன்னும் வைக்கல்லயா?